பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எங்கே? – வாசகர் கேள்வி-பதில்

பதின்பருவப் பிள்ளைகளின் படிப்புக்காகவும் தொழிற்பயிற்சிக்காகவும் பள்ளி, பெற்றோர், பட்டறைக்காரர், ஊர்ப் பெரியவர் ஆகியோர் சேர்ந்து என்ன செய்யலாம் என்று வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோவை மாவட்டத்தைச் சேர்ந்தவை. அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில் அவற்றில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கிறேன். பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. சென்ற ஆண்டு முடித்தவர்களில் ஏழெட்டுப் பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததோடு பொறுப்பு முடிந்தது என்று பள்ளியில் சொல்கிறார்கள். எங்கள் கூட்டங்களில் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் ஆகியவற்றைத்தான் பேசுகிறோம். இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் எங்களால் ஏதாவது செய்ய முடியுமா? – ஒரு தாய், சூலூர் வட்டாரம்

பதில்: முடியும், அம்மா. உங்கள் குழுவைத் தவிர வேறு யாராலும் இதை முழுமையாகச் செய்ய முடியாது என்றே நான் நினைக்கிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும். எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை பள்ளிக்கு வராமல் போனால், அவனைத் தேடிப் போக வேண்டிய கடமையைச் சட்டம் யார் தலையிலும் வைக்கவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பழைய பள்ளிக்கு அவன் மாணவன் அல்லன், புதிய பள்ளிக்கும் இன்னும் மாணவன் ஆகவில்லை. அந்த இரண்டு மாதத்தில் அவன் யாருடைய பிள்ளை என்ற கேள்விக்கு விடை இல்லாததால்தான் உங்கள் ஊரின் ஏழெட்டுப் பேர் கண்ணிலிருந்து மறைந்திருக்கிறார்கள்.

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுதான் உங்கள் குழுவை உருவாக்கியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு எல்லா அரசுப் பள்ளிகளிலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு அப்போதே இடம் தரப்பட்டது. 2024ஆம் ஆண்டு மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்ந்தார்கள். பெற்றோர், ஆசிரியர், வார்டு உறுப்பினர், பழைய மாணவர் ஆகிய நால்வரும் ஒரே பாயில் உட்காரும் இடம் ஊரில் வேறெங்கே இருக்கிறது? கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசுவதற்கு இவ்வளவு பேர் தேவையில்லை.

முதல் வேலை ஒரு பெயர்ப் பட்டியல். பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் நேரே எந்தப் பள்ளி, எந்த ஐடிஐ, எந்த பாலிடெக்னிக் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். தலைமையாசிரியரிடம் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) விவரத்தைக் கேட்டால் இன்னும் தெளிவு கிடைக்கும். பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்ட மாணவர் வேறொரு பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை அந்தப் பதிவேட்டின் 'காமன் பூல்' என்னும் பொதுப் பட்டியலில் இருப்பார். பள்ளி திறந்து பல வாரங்கள் ஆன பின்னும் அங்கேயே நிற்கும் பெயர்கள்தான் நீங்கள் தேட வேண்டியவை. அவர்களில் சிலர் ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ நன்றாகவே படித்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், திரையில் பார்த்ததோடு முடிவு கட்டிவிடாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்குப் போவதை ஆசிரியர் ஒருவரின் தோளில் ஏற்றிவிடாதீர்கள். உறுப்பினர் ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு தாய் இன்னொரு தாயின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்போது வெளிவருகிற உண்மை, பள்ளியின் கடிதத்துக்கு ஒருபோதும் வெளிவராது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் ஏற்கெனவே அக்காவும் அண்ணனும் ஆனவர்கள்.

காரணங்களை ஊகித்துக்கொண்டு போகாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமே காரணம். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் நன்றாகப் படித்த ஒரு பையன் பிளஸ் ஒன் சேரவில்லை. 'குடும்ப வறுமை, வேலைக்குப் போகிறான்' என்று நாங்களே எழுதி முடித்துவிட்டோம். ஆகஸ்ட் மாதத்தில் தற்செயலாக அவன் வீட்டுக்குப் போனபோதுதான் விவரம் தெரிந்தது. தாய், தந்தை இருவருக்கும் மில்லில் காலை ஷிஃப்ட். நான்காம் வகுப்பு படிக்கும் தங்கையை ஒன்பது மணிக்குப் பள்ளியில் விட வேண்டியவன் அவன்தான். ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது மணிக்கெல்லாம் இறைவணக்கம் தொடங்கிவிடும். பணமும் அவனைத் தடுக்கவில்லை, படிப்பில் ஆர்வக்குறைவும் இல்லை. குறுக்கே நின்றது கால் மணி நேரம். பக்கத்து வீட்டு அம்மா தன் மகளோடு அந்தச் சிறுமியையும் அழைத்துப் போக ஒப்புக்கொண்டதும் அது தீர்ந்தது. ஆனால் சேர்க்கை முடிந்திருந்ததால் அவன் ஓராண்டை இழந்தான். அந்த ஓராண்டுக்கு நானும் பொறுப்பு என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை.

வீடு வீடாகப் போனால் இப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு காரணம் கிடைக்கும். பேருந்து நேரம், தந்தையின் உடல்நலம், மில்லில் வாங்கிய முன்பணம், ஆங்கில வழிக்குப் பயம், சாதிச் சான்றிதழ் இல்லாமை என்று அவை விரியும். அரசு விலையில்லா மிதிவண்டி தருவது பிளஸ் ஒன் சேர்ந்த பிறகுதான். தொலைவு காரணமாகவே சேராத பிள்ளைக்கு அது எட்டாது. அப்படியொரு வீட்டில், சும்மா நிற்கும் பழைய சைக்கிளைப் பஞ்சர் ஒட்டிக் கொடுப்பதே பெரிய கல்விப் பணி. திருமணப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கூட்டத்தில் பிள்ளைகளின் பெயரையும் வீட்டுக் காரணத்தையும் உரக்கப் படிக்காதீர்கள். தீர்மானப் பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதும், பட்டியல் உங்களிடமும் தலைமையாசிரியரிடமும் இருக்கட்டும். சேர்த்துவிட்டோம் என்று ஓய்ந்துவிடவும் வேண்டாம். புதிய பள்ளியின் கூட்டத்தில் திகைத்துப்போய்க் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. எனவே செப்டம்பரில் அதே பட்டியலை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். பிளஸ் டூ முடித்து எங்கும் சேராதவர்களை அழைத்து வழிகாட்ட, நான் முதல்வன் திட்டத்தின் கீழ் அரசே 'உயர்வுக்குப் படி' முகாம்களை நடத்துகிறது. அந்த முறையை நீங்கள் இரண்டு வகுப்பு முன்னதாக, உங்கள் ஊர் அளவில் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கணபதியில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஆள் கிடைப்பதில்லை, கிடைத்த பையன் மூன்று மாதத்தில் அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறான். பதினேழு வயதுப் பையன்களை எடுத்து முறையாகப் பழக்கலாம் என்றால் சட்டச் சிக்கல் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். பள்ளிக்காரர்களோ நன்கொடைக்கு மட்டும்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். – பட்டறை உரிமையாளர், கோவை

பதில்: உங்கள் பயத்தில் பாதி நியாயமானது, ஐயா. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி 14 வயது நிறையாதவரைப் பட்டறை வேலைக்கு வைக்கவே கூடாது. 14 முதல் 18 வயது வரையிலானவர்களை அபாயகரமான தொழில்களிலும் செயல்முறைகளிலும் ஈடுபடுத்தக் கூடாது. பதினேழு வயதுப் பையனை ஒப்பந்தமும் பதிவும் இல்லாமல் 'பழகட்டும்' என்று லேத்தில் நிறுத்துவது அவனுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. தொழில் பழகுவோருக்காக (அப்ரண்டிஸ்) பழகுநர் சட்டம் என்று 1961 முதல் தனியே ஒன்று இருக்கிறது. நேர் வழி அதுதான்.

அச்சட்டத்தின் கீழ் 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும், 4 பேர் முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். நீங்கள் இரண்டாம் வகையில் வருகிறீர்கள். ஒப்பந்தத்தை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையைப் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய், ஐடிஐ சான்று பெற்றவருக்கு 7,000 ரூபாய் என்று வைத்தன. அதில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் வழியாக மத்திய அரசு ஏற்கிறது. தற்போதைய தொகையையும், உங்கள் பட்டறையின் எந்தெந்த வேலை எந்த வயதினருக்கு ஆகாது என்பதையும் அருகிலுள்ள அரசு ஐடிஐயில் இயங்கும் பழகுநர் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை நேரில் போய்விட்டு வந்தால் பாதிக் கலக்கம் தீர்ந்துவிடும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையன் ஏன் மூன்று மாதத்தில் போகிறான்? அடுத்த பட்டறையில் கூலி ஐம்பது ரூபாய் கூட என்பது ஒரு காரணம். காலையிலிருந்து மாலை வரை ஒரே மெஷினில் ஒரே ஜாப்பைப் பிடித்துக் கழற்றிக்கொண்டிருக்கும் பையனுக்கு, அங்கே இருந்தாலும் இங்கே இருந்தாலும் புதிதாகக் கற்பதற்கு ஒன்றும் இல்லை என்பது இன்னொரு காரணம். ஓராண்டு அப்படி நின்றவனை யாரும் டர்னர் (கடைசல்காரர்) என்று சொல்ல மாட்டார்கள். வரைபடத்தைப் படிக்கவும், டூலைத் தீட்டவும், சக்கில் ஜாப்பை மையம் பார்த்துக் கட்டவும், அளவு தப்பினால் எதனால் தப்பியது என்று கண்டுபிடிக்கவும் தெரிந்தவனே தொழிலாளி. பன்னிரண்டு பேர் உள்ள ஒரு பட்டறையில் இதெல்லாம் கற்றுத்தர நேரமும் இருக்காது, எல்லா மெஷினும் இருக்காது.

ஆனால் உங்கள் தெருவில் இருக்கும். ஒருவரிடம் லேத், அடுத்தவரிடம் மில்லிங், மூன்றாமவரிடம் சிஎன்சி, கோடியில் ஒரு ஃபவுண்டரி. ஐந்தாறு உரிமையாளர்கள் சேர்ந்து, பத்துப் பழகுநர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பழக்கினால், ஓராண்டு முடிவில் முழுத் தொழில் தெரிந்த பத்துப் பேர் உங்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பார்கள். ஒருவர் பழக்கியவனை மற்றவர் இழுத்துக்கொள்வதில்லை என்ற ஒப்பந்தமும் உங்களுக்குள் இயல்பாகவே உருவாகும். ஒப்பந்தத்தை யார் பெயரில் போடுவது என்பதை ஐடிஐ முதல்வரோடும் உங்கள் தொழில் அமைப்போடும் கலந்து முடிவு செய்யுங்கள். சிறுதொழில் முனைவோர் 1969இல் கொடிசியா என்னும் தங்கள் சங்கத்தைத் தொடங்கிய ஊர் இது. சேர்ந்து செயல்படுவதைப் பற்றிக் கோவைக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இந்த ஊரின் மரபே அதுதான். 1926இல் பீளமேட்டில் உருவான பி.எஸ்.ஜி. அறநிலையம் தன் தொழிற்கூடத்தில் மோட்டாரும் பம்பும் தயாரித்தபடியே மாணவர்களைப் பழக்கியது. 1945இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கில் முதல்வராக இருந்த ஜி.டி. நாயுடு, படிப்புக் காலத்தைக் குறைத்துப் பட்டறைப் பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்று வாதாடி, அரசு அதை ஏற்காததால் விலகினார். ஜெர்மனியில் பழகுநர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாட்களில் நிறுவனத்திலும் கற்பார், இறுதித் தேர்வை அந்த வட்டாரத்தின் தொழில் வணிகச் சபை நடத்தும். பழக்கியவரே மதிப்பெண் போடாமல் வெளியார் சோதிப்பதால், பழகுநரை மலிவுக் கூலியாக வைத்துக்கொண்டு காலத்தை ஓட்ட முடியாது. உங்கள் தெருப் பட்டறைகளும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐடிஐ பயிற்றுநர் ஒருவரை அழைத்துப் பையன்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த நாளில் அவர்களைவிட உங்கள் போர்மேனுக்குத்தான் பதற்றமாக இருக்கும், அது நல்லது.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மாணவர்களைப் பட்டறைகளுக்கு அழைத்துச் செல்ல ஆசை. ஆனால் பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. – ஆசிரியை, அன்னூர்

பதில்: உங்கள் புத்தகத்தின் முதல் பாடமே அளவீடு. வெர்னியர் அளவியும் திருகு அளவியும் அதில்தான் வருகின்றன. எத்தனை பள்ளிகளில் அவை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு கருவி, அதில் ஒன்று நகராது.

நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளிக்கு எதிர்த் தெருவில் ஒரு பட்டறை இருந்தது. ஒரு சனிக்கிழமை முற்பகலில் பெற்றோர் அனுமதி பெற்று, இரண்டு பெற்றோரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, பத்துப் பத்துப் பேராக அழைத்துச் சென்றேன். மெஷின்கள் நிறுத்தப்பட்டிருந்தன. மேசைமீது கடைந்து முடித்த பம்ப் ஷாஃப்ட்கள் ஆறு வரிசையாக இருந்தன. அங்கிருந்த பெரியவர் ஒரு மைக்ரோமீட்டரை, அதாவது நம் திருகு அளவியை, கொடுத்து, 'இதில் ஒன்று ரிஜெக்ட், எதுவென்று சொல்லுங்கள் பார்க்கலாம்' என்றார். கண்ணுக்கு ஆறும் ஒன்றே. பிள்ளைகள் ஒவ்வொன்றாக அளந்தார்கள், முதல் முறை எல்லாமே தப்பாக வந்தது. 'மூடிப் பார்த்தீர்களா? பூஜ்யத்தில் நிற்கிறதா?' என்று அவர் கேட்டார். பின்வரிசையில் வாய் திறக்காத ஒரு சிறுமி, 'சார், சுழிப் பிழை!' என்று கத்தினாள். அதைக் கழித்துவிட்டு மீண்டும் அளந்தபோது நான்காவது ஷாஃப்ட் மூன்று கோடு குறைவாக இருந்தது. ஒரு கோடு என்றால் 0.01 மில்லிமீட்டர், அதுதான் திருகு அளவியின் மீச்சிற்றளவு, அதாவது அதனால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு. அந்தச் சொல்லை அன்றைக்குப் பிறகு என் வகுப்பில் யாரும் மனப்பாடம் செய்யவில்லை, யாரும் மறக்கவும் இல்லை.

நான்கு பாடவேளைகளில் நான் கரும்பலகையில் வரைந்து விளக்கியது இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. ஆகவே நேரம் போதாது என்பதற்காகவே நீங்கள் போக வேண்டும். பாடத்தின் எந்தப் பக்கத்துக்காகப் போகிறோம் என்பதைப் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணத்தால் யாருக்கும் பயன் இல்லை.

கேள்வி: என் தம்பி பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிவிட்டான். இனிப் பள்ளி வாசலையே மிதிக்க மாட்டேன் என்கிறான். வெல்டிங் கடையில் சேரப் போவதாகச் சொல்கிறான். – கல்லூரி மாணவி, மேட்டுப்பாளையம்

பதில்: கோபப்படாதீர்கள், அவனுக்கு வெல்டிங் பிடித்திருக்கிறது என்பது ஒரு நல்ல செய்தி. ஆனால் கடைக்குப் போவதற்கும் அரசு ஐடிஐக்குப் போவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் மிதிவண்டியும் சீருடையும் கிடைக்கும். வெல்டர் ஓராண்டு, வயர்மேன் இரண்டாண்டு. எட்டாம் வகுப்புத் தகுதியில் இரண்டாண்டு ஐடிஐ முடித்து, மொழித்தாள்களை எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றும் பெறலாம்.

அதற்கு முன் துணைத் தேர்வு இருக்கிறது. முடிவு வெளியான சில வாரங்களிலேயே அது நடப்பதால் ஆண்டு வீணாகாது. தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும். கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் மட்டும் எட்டும் எட்டும் பதினாறு. அளவுகோலும் கவராயமும் பிடிக்கத் தெரிந்தால் போதும், மூன்று வாரத்தில் அதைப் பழகிவிடலாம். வெல்டராக நினைப்பவனுக்கு அந்தக் கோடுகள் பின்னாலும் உதவும். நீங்களே அக்காவாக இருப்பதால் உங்களிடம் அவன் உட்கார மாட்டான் என்றால், உங்கள் தோழி ஒருவரின் வீட்டில் உட்கார வையுங்கள். அவன் வகுப்பில் தவறிய மற்றவர்கள் யார் யார் என்று பள்ளியில் கேட்டு அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகத் தவறியவன் வெட்கத்தில் ஒளிந்துகொள்வான், நால்வராக உட்கார்ந்தால் படிப்பார்கள்.

கேள்வி: நாங்கள் படித்த அரசு மேல்நிலைப் பள்ளிக்கு 1980களில் படித்த நண்பர்கள் சேர்ந்து ஒரு நுழைவு வளைவு கட்டித் தரப் பணம் திரட்டியிருக்கிறோம். வேறு யோசனை உண்டா? – முன்னாள் மாணவர், பொள்ளாச்சி

பதில்: பள்ளிக்குக் கொடுக்கும் மனம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நிலமும் மேசை நாற்காலியும் கடிகாரமும் கொடுத்தார்கள். மதிய உணவுக்கே ஊர்ப் பங்கு இருந்தது. அன்று உட்கார இடம் இல்லை, ஆகவே பெஞ்சு கொடுத்தார்கள். இன்றைக்கு உங்கள் பள்ளியில் எது இல்லை என்று கேட்டுக்கொண்டு கொடுப்பதே அந்த மரபைத் தொடர்வதாகும். வளைவு இல்லாததால் படிப்பை நிறுத்திய பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பிளஸ் டூ முடிக்கும் மாணவருக்குக் கவுன்சலிங் பதிவுக் கட்டணம், கல்லூரியைப் பார்க்கப் போகும் பேருந்துச் செலவு, முதல் மாத விடுதி முன்பணம் என்று ஐந்நூறும் ஆயிரமுமாகத் தேவைப்படும் நேரம் ஒன்று உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். சேர்வதற்கு முந்திய அந்த ஆறு வாரங்களுக்கு எந்தத் திட்டமும் இல்லை. திரட்டிய தொகையை வங்கியில் போட்டு, தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவில் உள்ள முன்னாள் மாணவர்களும் கையெழுத்திட்டு எடுக்கும்படி செய்தால், ஆண்டுதோறும் எத்தனையோ பேரை அந்த ஆறு வாரங்களைக் கடக்கவைக்கலாம். கட்டடமோ கருவியோதான் தர விருப்பம் என்றால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகக் கொடுங்கள், கணக்கு வெளிப்படையாக இருக்கும்.

பணத்தைவிட ஒன்றை நான் பெரிதாகக் கேட்பேன். உங்கள் நண்பர் குழுவில் மின்வாரியத்தில் இருப்பவர், செவிலியர், லாரி பட்டறை வைத்திருப்பவர், வங்கியில் ஓய்வு பெற்றவர் என்று பலரும் இருப்பார்கள். ஒவ்வொருவரும் பிளஸ் ஒன் மாணவர் இருவரின் பெயரை ஏற்றுக்கொண்டு, பிளஸ் டூ முடித்து அடுத்த இடத்தில் சேரும் வரை மாதம் ஒருமுறை பேசுங்கள். என்ன படிக்கலாம் என்று வீட்டில் கேட்க ஆள் இல்லாத பிள்ளைக்கு அது வளைவைவிட உயரமான வாசல்.

கேள்வி: என் மகள் பத்தாவது முடித்துவிட்டாள். எலக்ட்ரீசியன் படிக்க வேண்டும் என்கிறாள். பையன்கள் படிப்பை எப்படிப் படிக்கவைப்பது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். பிறகு மேலே படிக்க முடியாமல் போய்விடுமோ என்ற கவலையும் இருக்கிறது. – இல்லத்தரசி, சிங்காநல்லூர்

பதில்: அந்தப் படிப்பின் மேல் ஆண் என்றோ பெண் என்றோ எழுதியிருக்கவில்லை, அம்மா. கோவையில் மகளிருக்கென்றே தனி அரசு ஐடிஐ இருக்கிறது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் ஐடிஐ படிப்புக்கும் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் உண்டு. மேற்படிப்பும் நின்றுவிடாது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியிலும் அதேபோல இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ வழியாகப் போகிறவளைவிடச் சற்று நாள் கூடுதலாகும். ஆனால் நடுவில் எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

உறவினர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தைச் செலவிட வேண்டாம். இந்த வாரமே ஒரு நாள் மகளை அழைத்துக்கொண்டு அந்த ஐடிஐக்குப் போங்கள். எந்தெந்தப் பிரிவுகள் இருக்கின்றன, எலக்ட்ரீசியன் அங்கே இல்லையென்றால் பக்கத்தில் எந்த அரசு ஐடிஐயில் பெண்கள் படிக்கிறார்கள், சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே படித்துக்கொண்டிருக்கும் பெண்கள் இரண்டு பேரிடம் உங்கள் மகளைத் தனியாகப் பேசவிடுங்கள். விண்ணப்பத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.